மூக்குக்கு மூன்று நாள் கணக்கு

வாசகர் கேள்வி – பதில்
(இந்த இதழில் மூக்கடைப்பு ஸ்ப்ரே, சொட்டு மருந்து பற்றி வந்த கேள்விகள் மட்டும்)

கேள்வி: சளி பிடித்திருந்தபோது மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஸ்ப்ரே கொடுத்தார்கள். அடித்த இரண்டாவது நிமிடமே மூக்கு திறந்துவிட்டது. இப்போது ஏழு மாதம் ஆகிறது. சளி எப்போதோ போய்விட்டது, அடைப்பு மட்டும் போகவில்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்து அடித்தால்தான் தூக்கம். தலையணைக்குப் பக்கத்தில் பாட்டில் இல்லையென்றால் பயமாக இருக்கிறது. இதை எப்படி விடுவது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மூக்கை இப்போது அடைத்துக்கொண்டிருப்பது அந்த ஸ்ப்ரேதான்.

மூக்குக்குள் ஒவ்வொரு பக்கச் சுவரிலும் மூன்று சதைமடல்கள் உண்டு. அதில் அடியில் இருப்பதுதான் பெரியது. அதற்குள் ரத்த நாளங்கள் பஞ்சுபோல நெருங்கிக் கிடக்கும். சளி பிடித்தால் அந்த நாளங்கள் ரத்தத்தால் நிரம்பி மடல் உப்பிவிடும். மூக்கைச் சிந்திச் சிந்திப் பார்த்தும் ஒன்றும் வராமல் அடைப்பு மட்டும் அப்படியே இருப்பது இதனால்தான். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற மருந்துகள் அந்த நாளங்களைச் சுருக்குகின்றன. மடல் வற்றியதும் காற்றுக்கு வழி கிடைக்கிறது.

நாட்கள் போகப் போக இரண்டு காரியம் நடக்கிறது. மருந்து போய் ஒட்டும் ஏற்பிகள் மரத்துப்போவதால், முதலில் பத்து மணி நேரம் தாங்கிய அதே அளவு பிறகு ஆறு மணி நேரம், அப்புறம் மூன்று மணி நேரம் என்று குறைந்துகொண்டே வரும். இன்னொரு பக்கம், ஓயாமல் ரத்த ஓட்டம் குறைக்கப்பட்ட சவ்வு, மருந்து தீர்ந்ததும் முன்பைவிட அதிகமாக வீங்குகிறது. வீக்கம் வந்தால் ஸ்ப்ரே, ஸ்ப்ரே தீர்ந்தால் வீக்கம். மருத்துவர்கள் இதை ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்பார்கள். மருந்தால் வந்த மூக்கழற்சி என்று பொருள். இதைக் குடிப்பழக்கம் போல நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கே பழகிப்போனது மூக்குச் சவ்வு.

விடுவதற்கு இரண்டு வழி. மனதிடம் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் நிறுத்தலாம். ஆனால் மூன்று முதல் ஐந்து ராத்திரி வாயைத் திறந்தபடிதான் தூங்க வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் இரண்டாவது ராத்திரியே தோற்றுப்போவது இந்த வழியில்தான். அதனால் நாங்கள் சொல்வது ஒரு மூக்கு முறை. வலது பக்கத்தில் இன்றோடு முழுக்க நிறுத்துங்கள். இடது பக்கத்துக்கு மட்டும், அதுவும் படுக்கப் போகும்போது, அடித்துக்கொள்ளுங்கள். மூச்சுவிட ஒரு பக்கம் திறந்திருப்பதால் பதற்றம் வராது. வலது பக்கம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் திறக்கும். நன்றாகத் திறந்த பிறகு இடதையும் நிறுத்துங்கள்.

இந்த நாட்களில் கை கொடுப்பவை: மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை). இதை முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் தினமும் தவறாமல் அடிக்க வேண்டும். இது வேலை செய்யச் சில நாள் பிடிக்கும் என்பதால், நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துக்கொண்டால் இன்னும் நல்லது. உப்புநீர் ஸ்ப்ரேயை நாளுக்கு நாலைந்து முறை அடிக்கலாம். அதற்கு நாள் கணக்கு கிடையாது. படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை வையுங்கள். மிகவும் சிரமப்படுபவர்களுக்குச் சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. அது மருத்துவரின் முடிவு, கடையில் கேட்டு வாங்கும் சமாசாரம் அல்ல.

விட்ட பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அடைப்பு நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடியில் ஒவ்வாமையோ, மூக்குத் தண்டு வளைவோ, சதை வளர்ச்சியோ இருக்கலாம். ஸ்ப்ரே அதை இத்தனை நாள் மூடி வைத்திருந்திருக்கும். இன்னொன்று: ஒருமுறை இதில் மாட்டியவர்கள் அடுத்த சளிக்கு மறுபடி இந்த ஸ்ப்ரேயைத் தொட்டால், இந்த முறை சில நாட்களிலேயே பழைய நிலைக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு இனி உப்புநீரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்தான்.

கேள்வி: அட்டையில் 3 நாள் என்று போட்டிருக்கிறது. மருத்துவர் 5 நாள் என்றார். பக்கத்து வீட்டில் ஒரு வாரம் தாராளமாகப் போடலாம் என்கிறார்கள். எது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக வாங்கினால் 3 நாள். மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன 5 நாள். ஒரு வாரம் என்பது பழைய அட்டைகளில் இருந்த கணக்கு. எல்லாருக்கும் ஐந்தாம் நாளே மூக்கு கெட்டுவிடும் என்றில்லை. யாருக்குக் கெடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் கணக்கைச் சிறியதாக வைக்கிறோம். நாளுக்கு எத்தனை முறை என்பதும் முக்கியம். ஆக்சிமெட்டாசோலின் 10–12 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, சைலோமெட்டாசோலின் 8–10 மணி இடைவெளியில் அதிகபட்சம் மூன்று முறை. பலருக்குப் படுக்கும் முன் ஒரு முறை போதும்.

பாட்டிலின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு அழுத்துக்குச் சுமார் 0.1 மி.லி.க்குச் சற்று முன்பின்னாக மருந்து வரும். 10 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 70 முதல் 100 அழுத்து. பக்கத்துக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டு முறை, மூன்று நாள் அடித்தால் மொத்தம் 12. அதாவது சரியாகப் பயன்படுத்துகிறவர் வீட்டில் மூன்றாம் நாள் முடிவில் பாட்டிலில் முக்கால் பாகத்துக்கு மேல் மீதி இருக்கும். மீதி இருக்கிறதே, வீணாகிறதே என்று தொடர்வதுதான் வினை. வாங்கிய அன்றே பாட்டிலின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். நாள் கணக்குக்கும் அது உதவும், எப்போது தூக்கிப் போடுவது என்பதற்கும் உதவும்.

கேள்வி: ஸ்ப்ரே அடித்தால் தொண்டையில் கசப்பாக இறங்குகிறது. மூக்கு எரிகிறது. இரண்டு முறை ரத்தமும் எட்டிப் பார்த்தது. மருந்து சரியில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: மருந்தில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. அடிக்கும் திசையைச் சரிபார்ப்போம். நம்மில் பாதிப் பேர் செய்வது இது: தலையை அண்ணாந்து, முனையை நேராக மேலே பார்த்துச் சொருகி, அழுத்திவிட்டு ‘உர்’ரென்று பலமாக உறிஞ்சுவது. அப்போது மருந்து சதைமடலைத் தொடாமல் நேரே தொண்டைக்குப் போகிறது. கசப்பு அதனால்தான். இறங்கியது வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலக்கும். மூக்கும் திறக்காது, படபடப்பு மட்டும் மிஞ்சும்.

ரத்தம் வருவதற்குக் காரணம், முனை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்தபடி இருப்பது. நடுச்சுவரின் முன்பகுதியில் சின்னச் சின்ன நாளங்கள் தோலுக்கு வெகு அருகே ஓடுகின்றன. தினமும் அதே இடத்தில் பீய்ச்சினால் அங்கே வறண்டு, பொருக்குத் தட்டி, ரத்தம் கசியும்.

சரியான முறை இப்படி. முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். புது பாட்டில் என்றால், அல்லது சில நாள் தொடாமல் வைத்திருந்தால், புகைபோல மெல்லிய தூறல் வரும்வரை காற்றில் அழுத்திப் பாருங்கள். முதல் ஓரிரு அழுத்தில் வெறும் காற்றுதான் வரும். தலை நேராக, முகவாய் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. கை மாறினாலே முனை தானாக வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைக் குறிபார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது பூ மோந்து பார்க்கிற அளவுக்கு மட்டும் மூச்சை இழுங்கள். அடுத்த சில நிமிடம் மூக்கைச் சிந்த வேண்டாம்.

பிழிகிற பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஒரு நுணுக்கம் உண்டு. பிழிந்த விரலைத் தளர்த்தாமல் அப்படியே வெளியே எடுங்கள். மூக்குக்குள் வைத்தபடியே விரலை விட்டால் பாட்டில் உப்பும்போது மூக்குச்சளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை அதையே திருப்பி அடித்துக்கொள்வீர்கள். அதே பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிழிந்தால் தூறலுக்குப் பதில் தாரையாகக் கொட்டும், அளவு எகிறிவிடும். முடித்ததும் முனையைச் சுத்தமான டிஷ்யூவால் துடைத்து மூடுங்கள்.

சொட்டு மருந்துக்கு நிலையே வேறு. கட்டிலில் மல்லாந்து படுத்துத் தலையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, சொட்டுக்குழல் மூக்கில் படாமல் விட்டு, தலையை அந்தப் பக்கம் சாய்த்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். உட்கார்ந்தபடி விட்டால் மூக்கின் தரையோடு ஓடித் தொண்டைக்குப் போய்விடும்.

ரத்தம் மறுபடி வந்தால் ஸ்ப்ரேயை நிறுத்திவிட்டு, முன்பக்கம் குனிந்து, மூக்கின் மிருதுவான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக்கூடாது. அண்ணாந்தால் ரத்தம் உள்ளே இறங்கும்.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாமல் அழுகிறான். எங்கள் ஸ்ப்ரேயில் பாதி அளவு அடிக்கலாமா? மாமியார் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொல்கிறார்.
– வாசகி, விருதுநகர்

பதில்: இரண்டும் வேண்டாம்.

பெரியவர்கள் ஸ்ப்ரேயில் ‘பாதி’ என்று ஒன்று இல்லை. அழுத்தினால் வருவது ஒரே அளவுதான். பெரியவர்களுக்கான ஆக்சிமெட்டாசோலின் 0.05 சதவீதம், சைலோமெட்டாசோலின் 0.1 சதவீதம். குழந்தைகளுக்கானது அதில் பாதி அடர்த்தி: 0.025, 0.05. கைக்குழந்தைக்கென்று 0.01 சதவீதத்திலும் சொட்டு மருந்து உண்டு. ஆனால் 2 வயதுக்குக் கீழே எந்த அடர்த்தியானாலும் மருத்துவர் பார்த்து எழுதாமல் விடக்கூடாது. 2 முதல் 6 வயது வரைக்கும் எங்கள் கருத்து அதுவேதான்.

காரணம் இருக்கிறது. பெரியவர் மூக்கில் நாளத்தைச் சுருக்குகிற இந்த மருந்து, சின்னக் குழந்தையின் உடலில் அளவு மீறிக் கலந்தால் மூளையைப் போய் அமுக்கும். குழந்தை தூங்கி வழியும், உடல் சில்லிடும், நாடித்துடிப்பு இறங்கும், மூச்சு மெதுவாகும். 1 முதல் 2 மி.லி. விழுங்கிய சின்னக் குழந்தைகளுக்கே நிலைமை மோசமாகியிருக்கிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரித்தது. கண் சிவப்புக்கு விடும் சில சொட்டு மருந்துகளிலும் இதே வகை மருந்து இருப்பதால் அவற்றையும் சேர்த்தே எச்சரித்தது. உங்கள் ஸ்ப்ரே பாட்டில் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று யோசியுங்கள். அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நன்றாகத்தானே தூங்குகிறான் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் நழுவிப் போகும். உடலால் அதைக் கரைத்து வெளியேற்ற முடியாது. எண்ணெய் நிமோனியா என்று தனியாக ஒரு நோயே உண்டு. குளிப்பாட்டியதும் குழந்தை மூக்கில் எண்ணெய் விடுகிற, ஊதுகிற பழக்கம் இருக்கும் வீடுகளில் குழந்தை மருத்துவர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

செய்ய வேண்டியது எளிது. கடையில் கிடைக்கும் 0.65 சதவீத உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் பக்கத்துக்கு இரண்டு சொட்டு விடுங்கள். சளி இளகியதும் ரப்பர் உறிஞ்சியால் மெதுவாக எடுக்கலாம். உறிஞ்சியை முதலில் வெளியே அமுக்கிவிட்டுப் பிறகுதான் மூக்கில் வைக்க வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுக்கிறது, பால் அறவே இறங்கவில்லை, உதடு நீலம் பாய்கிறது, அல்லது அழாமல் இருக்கும்போது எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு மூச்சு 40 அல்லது அதற்கு மேல் என்றால், அது வெறும் மூக்கடைப்பு இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். புராஸ்டேட் வீக்கமும் உண்டு. மூக்கில்தானே அடிக்கிறோம், உடம்புக்கு என்ன செய்துவிடும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மூக்குச் சவ்வு வழியாகவும், விழுங்கியது வயிறு வழியாகவும் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கத்தான் செய்யும். மூக்கு நாளத்தைச் சுருக்குவது மற்ற நாளங்களையும் சும்மா விடாது. பி.பி. கட்டுக்குள் இருந்தால் மருத்துவரைக் கேட்டு ஓரிரு நாள் போடுவதில் பெரிய தவறில்லை. கட்டுக்குள் இல்லையென்றால் வேண்டாம். புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம் என்பதால் உங்களுக்கு உப்புநீரே உத்தமம். இதய நோய், தைராய்டு மிகையாகச் சுரத்தல், சர்க்கரை, குறுகிய கோணக் கண் அழுத்தம் (கிளாகோமா) உள்ளவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. மனச்சோர்வுக்கோ பார்க்கின்சன் நோய்க்கோ மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மாத்திரை (செலிஜிலின், ரசாஜிலின் போன்றவை) சாப்பிடுகிறவர்களுக்கு இது ஆகவே ஆகாது. ரத்த அழுத்தம் எகிறிவிடும். அந்த மாத்திரையை நிறுத்தினாலும் 14 நாள் கழிய வேண்டும்.

கேள்வி: ஒவ்வாமைக்கு மருத்துவர் எழுதிய ஸ்ப்ரே இரண்டு நாளாக அடிக்கிறேன். ஒரு பலனும் இல்லை. பழைய ஸ்ப்ரே உடனே கேட்டது. மாற்றிக்கொள்ளவா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்றாதீர்கள். பாட்டில்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. பெட்டியின் பின்புறம் மருந்தின் பெயரைப் படியுங்கள். மூக்கு மருந்தில் பெயர் ‘சோலின்’ என்று முடிந்தால் (ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின், நாஃபாசோலின்) அது உடனே திறக்கும் வகை, மூன்று நாள் கணக்கு அதற்குத்தான். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைட் என்றிருந்தால் ஸ்டீராய்டு. அது அழற்சியை மெல்ல அடக்கும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், மருத்துவர் சொல்லும்வரை மாதக்கணக்கில் போடலாம். அடைத்தபோது மட்டும் அடித்தால் அது வேலை செய்யாது. ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒவ்வொரு முறையும் குலுக்கி அடியுங்கள். மருந்து அடியில் படிந்திருக்கும்.

கேள்வி: ஸ்ப்ரேக்குப் பதில் இன்ஹேலர் குச்சி, ஆவி, சளி மாத்திரை போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: பாக்கெட்டில் வைத்துக்கொள்ளும் குச்சியில் இருப்பது மென்தாலும் கற்பூரமும்தான். மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றும், வீக்கம் இம்மியும் குறையாது. பாதகமில்லை, ஆனால் இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம் கலந்த எதுவும் வேண்டாம். ஆவி சற்று இதம் தரும். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் மடியில் வைத்துப் போர்வை மூடுவது மட்டும் கூடாது, கவிழ்ந்தால் வெந்துவிடும்.

மாத்திரை? ஃபீனைலெஃப்ரின் வாய்வழி சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2023-ல் முடிவு சொன்னது. 2024 நவம்பரில் அங்கே அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது. நம் ஊர்ச் சளி மாத்திரைகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்ததையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: உப்புநீரை வீட்டிலேயே தயாரிக்கலாமா? அளவு என்ன?
– வாசகி, ஊட்டி

பதில்: கழுவுவதற்கு வீட்டில் தயாரிக்கலாம். அரை லிட்டர் தண்ணீருக்கு, தலை தட்டிய முக்கால் தேக்கரண்டி அயோடின் சேராத தூள் உப்பு, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. எரிந்தால் உப்பு தவறியிருக்கிறது என்று அர்த்தம். கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும். தண்ணீர்தான் முக்கியம். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் நேரடியாக ஆகாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் அமீபா ஒன்று இருக்கிறது. குடித்தால் அது ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். நீங்கள் இருப்பது 2,000 மீட்டருக்கும் மேலான உயரம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஆகவே உங்களுக்கு மூன்று நிமிடம். அன்றன்று செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கழுவும் பாட்டிலையும் கொதித்து ஆறிய நீரில் அலசிக் கவிழ்த்து உலர விடுங்கள்.

கேள்வி: சளியோடு விமானத்தில் போக வேண்டியிருக்கிறது. காது அடைக்காமல் இருக்க ஸ்ப்ரே உதவுமா?
– வாசகர், திருச்சி

பதில்: சிலருக்கு உதவும். இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் பக்கத்துக்கு ஒரு அழுத்து. இறங்கும்போது தூங்காமல் எச்சில் விழுங்கிக்கொண்டிருங்கள். கடலில் முக்குளிக்கப் போகிறவர்கள் இதை நம்பக்கூடாது. நீருக்கடியில் மருந்து தீர்ந்தால் காதிலும் முகக்குழிகளிலும் (சைனஸ்) காற்று மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒரே பாட்டிலை வீட்டில் எல்லோரும் அடிக்கலாமா? போன வருட பாட்டில் அப்படியே இருக்கிறது.
– வாசகி, வேலூர்

பதில்: கூடாது, முனையோடு சளியும் கை மாறும். திறந்து ஒரு மாதம் தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: ராத்திரி படுத்தால் ஒரு மூக்கு மட்டும் அடைக்கிறது. புரண்டு படுத்தால் அடுத்தது அடைக்கிறது. ஸ்ப்ரே வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மூக்கு ஆரோக்கியமாக இருந்தாலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கச் சதைமடல் உப்பி மறுபக்கம் வற்றும். இது மூக்கின் இயல்பான சுழற்சி. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் இன்னும் கொஞ்சம் உப்பும். மாறி மாறி அடைப்பது கவலைப்பட வேண்டியதல்ல. எப்போதும் ஒரே பக்கம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்து, அந்தப் பக்கத்திலிருந்தே ரத்தமோ நாற்றமடிக்கும் நீரோ வந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். குழந்தைக்கு அப்படி இருந்தால் பட்டாணியோ, பாசிமணியோ, பொத்தான் பேட்டரியோ உள்ளே இருக்கக்கூடும். பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே சவ்வை அரித்துவிடும் என்பதால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.